கேம்புக்குப் போயிட்டு வாரேன்

கோடை லீவு வந்தால் இப்போது பிள்ளைகளைக் கேம்புக்கு அனுப்புகிறார்கள். என்ன கொண்டுவர வேண்டும், அங்கே காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை என்னென்ன நடக்கும் என்று ஒரு காகிதமும் வீட்டுக்கு வருகிறது. பெற்றவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் யோசனை கேட்கிறார்கள். என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேம்பைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பு. எங்கள் ஊரிலிருந்து கேம்புக்குப் போன முதல் பெண்பிள்ளை நான். இல்லை என்று மறுத்துச் சொல்ல என் வயதில் இன்றைக்கு அங்கே ஒருத்தியும் இல்லை.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்கு மேல் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, எனக்குப் படிப்பும் அதோடு சரி. கமுதிக்குத் தெற்கே, மிளகாய் விளைகிற ஊர். சித்திரை மாதம் ஊரே களத்தில்தான் கிடக்கும். வத்தல் ஒரு பக்கம் காயும், மறுபக்கம் பெண்டுகள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள்.

டீச்சர் அந்தக் களத்துக்கே வந்துவிட்டார். அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். மிளகாய் நெடியில் மூன்று தும்மல் போட்டுவிட்டு, "உங்க மகளைக் கேம்புக்கு அனுப்பணும்மா" என்றார்.

அம்மா தலை நிமிரவில்லை. "காம்புக்கு எதுக்கு டீச்சர் வெளியூரு போகணும்? இங்கனதான் மலை மாதிரி கிடக்கே. நீங்களும் ஒக்காந்து ரெண்டு கிள்ளுங்க."

களமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

"காம்பு இல்லம்மா, கேம்பு. மண்டபத்துக்குப் போற வழியில, கடக்கரையில நடக்குது. பத்து நாளு அங்கேயே தங்கணும். பல ஊர்ப் பிள்ளைங்க வருவாங்க."

அம்மாவின் கை நின்றுவிட்டது.

கேம்பு என்றால் எங்கள் சனங்களுக்கு அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்துக்கொண்டு போவார்கள். கப்பலேற்றுவதற்கு முன்னால் அவர்களை மண்டபம் என்கிற கடலோர ஊரில் ஓரிடத்தில் சில நாள் வைத்திருந்து, ஊசி போட்டு, உடுத்தின துணியை வெந்நீரில் அவித்துக் கொடுத்து அனுப்புவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கேம்பு. அய்யாவுக்கு ஒரே ஒரு தங்கை. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு பஞ்ச வருஷத்தில் அந்த அத்தை கேம்புக்குப் போனாள். போனவள்தான். கடுதாசி இல்லை, தகவல் இல்லை. வீட்டில் அத்தை பேச்சு வந்தால் அய்யா எழுந்து மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மாடு அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தாலும் ஓட்டிக்கொண்டு போவார்.

"ஊசி போடுவாகளா?" என்று அம்மா கேட்டாள்.

"காலராவுக்கு ஒண்ணே ஒண்ணு. பயப்படாதீங்க."

"துணிய அவிப்பாகளா?"

"வெந்நீர்ல துவைச்சே குடுப்பாங்க" என்றார் டீச்சர் பெருமையாக.

அம்மா அய்யா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீகளா? அந்தக் கங்காணியும் இப்பிடித்தான் சிரிச்ச மொகமா வந்தான்."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காகிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். ஒரு தட்டு, ஒரு தம்ளர், இரண்டு பாவாடை சட்டை, ஒரு போர்வை, சீப்பு, எண்ணெய். காலை ஐந்து மணிக்கு விசில். அப்புறம் உடற்பயிற்சி, கடல் குளியல், பத்து மணிக்குப் பால், மத்தியானம் சோறு, சாயங்காலம் பாட்டும் விளையாட்டும். களத்தில் காது கொடுத்திருந்த ஒரு பெரியவர், "பாலா? சும்மாவா?" என்றார். அவர் பெண்டாட்டி, "சும்மா எவன் குடுப்பான்? கொழுக்க வச்சுக் கப்பல்ல ஏத்துவாக" என்றாள்.

எல்லாருக்கும் பயம். எனக்கு இல்லை. கேம்பு என்ற சொல்லைக் கேட்டதும் என் புத்தியில் ஒன்றுதான் ஓடியது: அத்தை போன இடம் அது. நானும் போனால் கண்டுபிடித்துவிடலாம். "நான் போறேன் டீச்சர்!" என்று கத்திவிட்டேன்.

அம்மா வத்தல் கையோடு என் வாயைப் பொத்தினாள். உதடு தீயாய் எரிந்தது. "போறேன்னு சொல்லாதடி! அவளும் அன்னைக்குப் போறேன்னுதான் சொன்னா. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை அவ வாயில வரல."

வத்தல் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்த அய்யா ஊசியைக் குத்தி நிறுத்தினார். "பதினோராம் நாளு பிள்ளை வந்துருமா டீச்சர்?"

"நானே கொண்டாந்து விடுறேன்யா."

அய்யாவுக்குக் கையெழுத்து வராது. டீச்சர் பேனா மையை அவர் பெருவிரலில் தடவினார். "அன்னைக்கும் இதே பெருவிரலத்தான் வச்சீக" என்று அம்மா மெல்லச் சொன்னாள். அய்யா விரலை வேட்டியில் துடைத்துவிட்டார். டீச்சர் மறுபடி மை தடவினார். அய்யா மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தார். காகிதத்தில் மையும் மிளகாய்ச் சிவப்பும் கலந்து விழுந்தது.

புறப்பட்ட அன்றைக்கு அம்மா என்னை வாசலில் நிறுத்தி மூன்று தடவை "போயிட்டு வாரேன்" சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவை சத்தம் போதாது என்று நாலாவது தடவையும் சொல்ல வைத்தாள். அய்யா என் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை வந்தார். டீச்சரும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். அய்யா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் குனிந்தார்.

"அங்கன நம்ம பக்கத்து ஆளுக இருந்தா வெசாரி. ஒன் அத்தைக்கு எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சின்னதுல நான் கல்லெறிஞ்சது."

"கண்டா என்ன சொல்லணும்யா?"

பஸ் வந்து நின்றது. மூட்டையை என் கையில் கொடுத்தபோதுதான் சொன்னார். "வீட்டுக்கு வரச் சொல்லு. அண்ணன் சொல்லுச்சுன்னு சொல்லு. ஒங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

ஒன்பது வயதில் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையிடமும் இப்படியொரு காரியத்தை ஒப்படைத்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே போனேன்.

ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம். ரயிலே எனக்கு அன்றைக்குத்தான். ஒரு தெரு முழுக்க வீடுகளைக் கோத்துக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள், "எங்கன ஆத்தா போறீக?" என்று கேட்டார்.

"கேம்புக்கு."

வெற்றிலை மெல்லுவது நின்றது. "கேம்புக்கா! இந்த வயசுலயா! எந்தத் தோட்டத்துக்கு?"

"எங்க அத்தை இருக்குற தோட்டத்துக்கு."

"அடி ஆத்தே! கேம்பு டேசன் இன்னும் தள்ளியில்ல இருக்கு. வந்ததும் நான் சொல்றேன், எறங்கிக்க."

அதனால் உச்சிப்புளியில் டீச்சர் எல்லாரையும் இறங்கச் சொன்னபோது நான் இறங்கவில்லை. பெஞ்சுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேம்பு இன்னும் வரல டீச்சர்! நீங்க வழி தப்பிட்டீக!" என்று கத்தினேன். டீச்சர் என்னைப் பிய்த்தெடுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினார். ரயில் நகரும்போது அந்த அம்மாள் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இருந்த கூட்டத்துல அது ஒண்ணுக்குத்தான் வழி தெரிஞ்சது, அதையும் எறக்கிட்டீகளே!" என்று டீச்சரைத் திட்டிக்கொண்டே போனார்.

அந்த ரயில் அத்தை இருக்கிற பக்கம் போகிறது, நான் இங்கே நிற்கிறேன். உச்சிப்புளியிலிருந்து புதுமடம் கடற்கரைவரை மாட்டுவண்டியில் அழுதுகொண்டே வந்தேன். வண்டி ஒரு மணல் மேட்டில் ஏறி நின்றது. அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை.

கடல் என்று பாடத்தில் படித்திருந்தேன். எங்கள் கண்மாயைவிடப் பெரியது என்று டீச்சர் சொல்லியிருந்தார். கண்மாய் நிறைந்தே நான் பார்த்ததில்லை. நாலு குடம் தண்ணீருக்கு அம்மாவோடு விடியுமுன்னே நடந்த பிள்ளை நான். இங்கே பார்த்தால் தண்ணீருக்கு அக்கரையே இல்லை. வானம் வந்து தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு தண்ணீரும் சும்மா இல்லை, எழுந்து எழுந்து என்னைப் பார்த்து வந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். குமட்டிக்கொண்டு துப்பினேன்.

"இம்புட்டுத் தண்ணியிலயும் உப்பப் போட்டுக் கெடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

பக்கத்தில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தலையில் பூப்போட்ட முக்காடு. "அல்லாவே, இவளப் பாருங்களேன்! ஏடி, கடலுக்கு எவ உப்புப் போடுவா?" என்றாள். அவள்தான் கதீஜா. புதுமடத்துப் பெண். வீடு கூப்பிடு தூரம்தான், ஆனாலும் கேம்பில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து வந்திருந்தாள். நல்ல தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கொட்டாங்கச்சியால் கரை மணலை முழங்கை ஆழம் தோண்டினாள். ஊறி வந்தது. குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. பத்தடி தள்ளி அத்தனை உப்பு, இங்கே இப்படி ஒரு தண்ணீர். எங்கள் ஊரில் எத்தனை ஆள் ஆழம் தோண்டினாலும் பாறைதான் வரும். இதை ஊரில் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நம்பவும் இல்லை.

தென்னந்தோப்புக்குள் கூடாரம் அடித்திருந்தார்கள். துணியில் வீடு. காற்று வந்தால் வீடே மூச்சு விட்டது. நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நம்பர், எனக்குப் பதினேழு. விசில் ஊதினால் எழ வேண்டும், விசில் ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும், விசில் ஊதினால் சாப்பிட வேண்டும். பத்து மணிப் பாலை மாடு இல்லாமலே செய்தார்கள். தகர டின்னிலிருந்து வெள்ளை மாவை அண்டாவில் கொட்டி, வெந்நீரை ஊற்றித் துடுப்பால் கலக்கினால் பால். நான் அண்டாவைச் சுற்றி வந்து பார்த்தேன். மாடு எங்கேயும் இல்லை. மூன்று வேளையும் சோறு, அதுவும் அரிசிச் சோறு. தீபாவளிக்கு மட்டும் நெல்லுச் சோறு பார்த்த வயிறு முதல் இரண்டு நாள் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது.

போன காரியத்தை நான் மறக்கவில்லை. கேம்பில் இருந்த பெரிய பெண்கள் அத்தனை பேருடைய இடது புருவத்தையும் பார்த்துவிட்டேன். ஊசி போட வந்த நர்ஸ் குனிந்தபோது நான் ஊசியைப் பார்க்கவில்லை, புருவத்தைப் பார்த்தேன். சமையல்காரம்மாவுக்கு ஒரு வெட்டு இருந்தது. ஆனால் அது வலது பக்கம். இரண்டு நாள் யோசித்தேன், அய்யாவுக்கு இடது வலது மறந்திருக்குமோ என்று. கடைசியில் கேட்டேவிட்டேன். "அது எங்க வீட்டு ஆட்டுக்கடா முட்டுனது. ஏன்டி, ஒனக்கு எதுக்கு?" என்றார் அவர்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ கதீஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"இலங்கைக்குப் போனா வர மாட்டாகன்னு ஒனக்கு யாரு சொன்னா? எங்க வாப்பா கொழும்புலதான் கடை வச்சிருக்கு. வருசா வருசம் நோம்புப் பெருநாளைக்கு வருது. எனக்கு சோப்பு, பிஸ்கோத்து, உம்மாவுக்குச் சேலை, எல்லாம் கொண்டாருது."

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊரில் அந்தத் திசையில் போனவர்களை இருப்பவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே ஒருத்தி, அய்யா சந்தைக்குப் போய்விட்டு வருவதைப் போலச் சொல்கிறாள்.

"அப்ப எங்க அத்தை மட்டும் ஏன் வரல?"

கதீஜா வாயில் விரலை வைத்து யோசித்தாள். "யாரும் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாக. எங்க உம்மா ஒவ்வொரு கடுதாசியிலயும் வாங்க வாங்கன்னுதான் எழுதும்."

சரியாகத்தான் பட்டது. ஒருத்தரைப் போகச் சொல்லி விரல் வைத்தாயிற்று. வரச் சொல்ல யாரும் விரல் வைக்கவில்லை. எனக்கு அத்தையின் விலாசம் தெரியாது. இலங்கை எந்தப் பக்கம் என்று கதீஜாவுக்குத் தெரியும். கிழக்கே கையை நீட்டி, "அந்தா, அந்தத் தெசையில. கூப்பிட்டுப் பாரு" என்றாள். தனியாகக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் தீர்ந்துவிட்டது. பதினோராம் நாள் காலையில் மூட்டை கட்டி முடித்ததும், கடலுக்குச் சொல்லிக்கொண்டு வாருங்கள் என்று எங்களைக் கரைக்கு அனுப்பினார்கள். நாற்பது பேரும் வரிசையாக நின்று, "கடலம்மா, போயிட்டு வாரோம்!" என்று கத்தினோம். எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் கால் நகரவில்லை. இனி எப்போது இந்தக் கரையில் நிற்கப் போகிறேன்? கிழக்கே திரும்பி நின்று கத்தினேன்.

"அத்தே! வீட்டுக்கு வா அத்தே! அண்ணன் வரச் சொல்லுச்சு!"

என் குரல் அலைக்குக்கூட எட்டவில்லை. கதீஜா என் பக்கத்தில் வந்து நின்றாள். முக்காடு நழுவ நழுவ அவளும் "அத்தே!" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் யார் அத்தை, எங்கே அத்தை என்று ஒன்றும் தெரியாமலே நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். "அத்தே! வீட்டுக்கு வா அத்தே!" தோப்பில் இருந்த காக்கை எல்லாம் எழுந்து பறந்தது. டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டு போனவர் ஊதாமல் அப்படியே நின்றார்.

பதில் வந்தது.

தூரத்தில் ஒரு வள்ளம் நின்றது. அதிலிருந்த ஆள் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டி, எங்களைப் பார்த்து என்னவோ சத்தம் போட்டார். பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. கடைசி மட்டும் கரைக்கு வந்தது. "...ஏன்!"

"வாரேன்னு சொல்றாக!" என்றாள் கதீஜா.

எனக்கும் அப்படித்தான் கேட்டது. எதற்காக இந்தப் பிள்ளைகள் இப்படிக் கத்துகிறார்கள் என்று பயந்துபோய் அவர் "ஏன், ஏன்" என்று கேட்டிருக்கலாம் என்பது, நான் மூன்று பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் மாவாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் எங்கள் ஊர் ரோட்டில் பஸ் நின்றபோது அய்யா நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் நிற்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். டீச்சர் என்னை ஒப்படைத்தார். அய்யா டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒற்றையடிப்பாதையில் கொஞ்ச தூரம் வந்த பிறகு கேட்டார்.

"கண்டியா?"

"காணலய்யா. ஆனா கூப்பிட்டேன். நாப்பது பேரு சேந்து கூப்பிட்டோம், கடல்ல நின்னு."

அய்யா நடப்பதை நிறுத்தினார். "சத்தம் ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சுய்யா. வாரேன்னு."

"வாரேன்னா? போறேன்னு இல்லயே?"

"இல்லய்யா. வாரேன்னுதான்."

அவர் என் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அது அவ்வளவு சின்ன மூட்டை, தலையில் வைத்துப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உடம்பில் ஏதும் குறைகிறதா என்று. பாலை நம்பினாள், கடலைப் பாதி நம்பினாள், மணலில் ஊறின நல்ல தண்ணீரை நம்பவே இல்லை. "கேம்புக்குப் போன எம்மக திரும்பி வந்துட்டா" என்று தெருவெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு மாதம் நான் ஊரில் ராணி மாதிரி நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் அய்யாவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டுப் பக்கம் போவார். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டால், மாட்டுக்குப் புல்லுப் பார்த்துட்டு வாரேன் என்பார். பஸ் போன பிறகு வெறுங்கையோடு திரும்புவார். மறுநாளும் போவார். எனக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டு வருகிறவரை ஒருநாள் தவறிப் பார்த்ததில்லை. அந்த ரோட்டோரம் ஒரு காலத்திலும் புல் முளைத்தது கிடையாது. அது எனக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். அப்படியிருந்தும் இந்த அய்யா ஏன் தினமும் அங்கே போய்ப் புல்லுத் தேடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொள்வேன்.